இவாஹாஷி அம்மையார் அழுத கதை

ஜப்பானை ஆளும் ஷோகுனின் அந்தப்புரத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. செய்யச் சொல்வார்கள். கேட்டவர் தனக்குக் கீழே இருப்பவரிடம் சொல்வார். அப்படியே சொல்லிக்கொண்டு போனால் கடைசியில் ஒருத்தி நிற்பாள், அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கும். அந்த ஒருத்தி நான். பெயர் தொமே. 'போதும்' என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த கடுப்பில் என் அம்மா கடவுளுக்கு விட்ட எச்சரிக்கை அது. கடவுள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, எனக்கு முன்னால் பிறந்த நான்கு பேரையும் அம்மை நோயில் எடுத்துக்கொண்டார். அப்பா அதற்கு முன்பே படகோடு கடலில் போய்விட்டார். மிச்சம் இருந்தது அம்மாவும் நானும்.

அம்மா கடலோர ஃபுகாகவாவில் மட்டிச் சிப்பி விற்றாள். நான் கோட்டைக்குள் தண்ணீர் இறைத்தேன். உள்ளே மற்ற எல்லா வேலைகளுக்கும் சாமுராய் வீட்டுப் பெண்கள்தான் வேண்டும். தண்ணீர் சுமக்க மட்டும் எங்களைப் போன்றவர்கள் போதும். தண்ணீருக்குக் குலம் தெரியாது போலிருக்கிறது.

எங்கள் எல்லோருக்கும் மேலே இருந்தவர் மூத்த அம்மையார் இவாஹாஷி. காலையில் புகையிலைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மாலை வரை எழுந்திருக்க மாட்டார். எழுந்திருப்பதெல்லாம் சின்னப் பதவிக்காரர்கள் செய்கிற காரியம். அவர் புகைக்கும் சுங்கானைத் தட்டின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால், வெளிக்கோட்டையில் ஏதோ ஒரு மந்திரி தன் கணக்கை மறுபடி கூட்டிப் பார்ப்பார். ஷோகுனின் மனைவி கோயிலுக்குப் போக வேண்டிய நாளில் அவருக்குப் பதிலாக இவாஹாஷி போவார். இவாஹாஷி போனால் ஷோகுனின் மனைவியே போனது மாதிரி. சாமியும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. மழை பெய்தால் இவாஹாஷிக்குப் பதிலாக இரண்டாம் அம்மையார் ஹமானோ போவார். மழை பலமாக இருந்தால் ஹமானோவுக்குப் பல்வலி வந்துவிடும்.

இது கோயிலோடு நின்றிருந்தால் எனக்கொன்றும் இல்லை. ஒருமுறை, விளக்கெண்ணெய்ச் செலவைக் குறைக்க வேண்டும் என்று ஒரு மந்திரி சொல்லி அனுப்பினார். இவாஹாஷிக்குக் கோபம். கோபம் வந்தால் அவர் பேச மாட்டார். ஆனால் அவர் பேசாமல் இருப்பது அந்த மந்திரிக்குத் தெரிய வேண்டுமே? ஒரு பணிப்பெண்ணைப் பல்லக்கில் ஏற்றி மந்திரியின் மாளிகைக்கு அனுப்பினார்கள். அவள் போய் மந்திரிக்கு எதிரே உட்கார்ந்து, "அம்மையார் உங்ககிட்டப் பேசாம இருக்காங்க. அவங்களுக்குப் பதிலா நான் பேசாம இருக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, மதியம் வரை வாயைத் திறக்காமல் இருந்தாள். மந்திரி உடல்நலக் குறைவு என்று சொல்லிப் பதவியை விட்டார். விளக்குகள் முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தன.

பரிசும் திட்டும் இதே வழியில்தான் மேலிருந்து கீழே வரும். ஒரு வித்தியாசம் உண்டு. பரிசு வழியில் தேயும். அம்மையார் மனம் மகிழ்ந்து ஒரு பட்டுத் துணி கொடுத்தால், அது படிப்படியாக இறங்கி என்னிடம் வரும்போது அதைச் சுற்றியிருந்த காகிதமாக இருக்கும். திட்டு அப்படியில்லை. ஒரு சொல்கூடக் குறையாமல் முழுசாக வந்து சேரும்.

ஒருநாள் குளியல் தண்ணீர் ஆறிப்போயிருந்ததாம். இவாஹாஷி ஹமானோவைத் திட்டினார். ஹமானோ உடை அறைக்காரியை, உடை அறைக்காரி விளக்கறைக்காரியை, அவள் எங்கள் தண்ணீர் முற்றத்துத் தலைவி மிட்ஸுவை. மிட்ஸு அக்கா என் முன்னால் வந்து நின்று முழுவதையும் ஒப்பித்தாள். ஒப்பித்துவிட்டு, "சரி, இப்ப நீ கீழ சொல்லு" என்றாள்.

"கீழ யாரு இருக்கா, அக்கா?"

மிட்ஸு என் பின்னால் எட்டிப் பார்த்தாள். தண்ணீர்த் தொட்டி இருந்தது.

"யாரும் இல்லன்னா நீயே உன்னத் திட்டிக்கோ. சத்தமா. மேல கேட்டாங்கன்னா நான் என் காதால கேட்டேன்னு சொல்லணும்."

நான் தொட்டித் தண்ணீரில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துத் திட்டினேன். எனக்குத் தெரிந்த திட்டெல்லாம் மீன் சந்தையில் அம்மா வாயிலிருந்து கற்றவை. என் பிறப்பு, என் வளர்ப்பு, என் மூஞ்சி, என்னை எவன் கட்டிக்கொண்டு படப்போகிறான் என்பது வரை போய்விட்டேன். மிட்ஸு அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போதும்டி! அம்மையார் இவ்வளவு சொல்லல."

இப்படியாக நிர்வாகம் குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், சமையலறை வாசலுக்கு முள்ளங்கி கொண்டுவரும் கஸுகே எனக்கு ஒரு செய்தி கொண்டுவந்தான். எங்கள் தெருக்காரன்.

"உங்கம்மா படுத்துட்டா."

"என்னவாம்?"

"வயித்துல கட்டின்னு வைத்தியர் சொல்றாரு. ஒரு வாரமாத் தெருவுல அவ கூவுற சத்தம் கேக்கல. அப்பறந்தான் போய்ப் பார்த்தோம்." கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், "வர்றதுன்னா சீக்கிரம் வா."

நான் மிட்ஸு அக்காவிடம் ஓடினேன். அவள் கை விரித்தாள். "மூணு வருஷம் முடிஞ்சாத்தான் வீட்டுக்குப் போற முறை. உனக்கு ரெண்டு வருஷங்கூட ஆகல."

"அதுக்குள்ள அம்மா செத்துட்டா?"

"முறை மாறாது. அம்மாதான் மாறுவாங்க." மிட்ஸு கெட்டவள் இல்லை. சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இரு. மேல சொல்லிப் பார்க்கிறேன்."

என் வேண்டுகோள் மேலே போயிற்று. கீழே வருவதுபோல் மேலே போவதற்கு வசதி இல்லை. விளக்கறையில் இரண்டு நாள் நின்றது. உடை அறையில் ஒரு நாள். ஹமானோ அம்மையாரின் பல்வலி தீரும்வரை அவர் வாசலில் நின்றது. கடைசியில் இவாஹாஷி அம்மையார் என்னை நேரில் அழைத்தார். நேரில் என்றால் அவர் அறைக்குள், நான் வெளியே கூழாங்கல் முற்றத்தில் நெற்றி பதித்து. கல்லைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அம்மாவாம்?"

"ஆமாங்க."

"நாமளும் ஒரு காலத்துல அம்மா வெச்சிருந்தோம்." சுங்கானில் புகையிலை அடைக்கும் ஓசை. "கியோட்டோவுல. அவங்க போன சேதி வந்தப்ப இங்க பூப் பார்க்கிற விருந்து நடந்துக்கிட்டிருந்துச்சு. விருந்து முடியற வரைக்கும் நம்மகிட்ட யாரும் சொல்லல. சொன்னப்பவும் நாம அழல. கன்னத்துல பூசின வெள்ளை கலைஞ்சிடும் பாரு. அதப் பார்த்துத்தான் அப்ப இருந்த மூத்தம்மா நம்மளை மேல தூக்கிவிட்டாங்க. அழாதவங்களாலதான் இந்த வீடு நிக்குது. புரியுதா?"

"புரியுதுங்க."

"வீட்டுக்கு அனுப்பறதுன்னு ஆரம்பிச்சா, நாளைக்கு எல்லாருக்கும் ஒரு அம்மா முளைச்சிடும். ஆனா நம்ம மனசு கல்லு இல்ல." சுங்கான் தட்டில் தட்டியது. "உன் அம்மாவ நாமளே போய்ப் பார்ப்போம்."

அறைக்குள் பெண்கள் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். ஒருத்தி விசும்பினாள். மட்டிக்காரியின் படுக்கைக்கு மூத்த அம்மையாரே போவதா! அப்படி ஒரு கருணையை அந்தக் கோட்டை கண்டதில்லை என்று பேச்சு. அன்று முழுவதும் ஆளாளுக்கு வந்து எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நான் தண்ணீர் இறைத்துக்கொண்டே வாழ்த்துகளை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை இவாஹாஷி ஹமானோவிடம், தனக்குப் பதிலாகப் போய்வரச் சொன்னார். ஹமானோவுக்குப் பல்வலி. உடை அறைக்காரிக்குப் பருவம் மாறும் உடைகளை எடுத்து வைக்கும் வேலை. விளக்கறைக்காரிக்கு ஃபுகாகவா என்றாலே சேற்று நாற்றம் ஒத்துக்கொள்ளாது. மிட்ஸு அக்கா முற்றத்துக்கு வந்து என் முன்னால் நின்றாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள். தொட்டி இருந்தது.

"கிளம்பு" என்றாள்.

"எங்க?"

"உங்க அம்மாவப் பார்க்க."

வாளியைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் ஓடத் திரும்பினேன். மிட்ஸு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இங்க பாரு, ஒழுங்காப் புரிஞ்சுக்கோ. நீ போகல. உனக்கு முறை வரல, நீ போகக் கூடாது. போறது இவாஹாஷி அம்மையார். நீ இங்கதான் தண்ணி இறைச்சுக்கிட்டிருக்க. விளங்குதா?"

"அப்ப தண்ணி?"

"அத நான் இறைச்சுக்கிறேன்டி, எழவு."

உடனே கிளம்ப முடியவில்லை. அம்மையார்கள் வழக்கப்படி என் முகத்தில் வெள்ளை பூசி, பல்லுக்குக் கறுப்பு தீட்டினார்கள். புருவத்தை மழித்து, நெற்றியில் மேலே வேறு புருவம் வரைந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிமோனோக்களில் நான் பாய் மூட்டை மாதிரி நின்றேன். அம்மையாராக இருப்பது எப்படி என்று விளக்கறைக்காரி பாடம் எடுத்தாள். அம்மையார் அவசரப்பட மாட்டார். அம்மையார் பக்கவாட்டில் பார்க்க மாட்டார். தாழ்ந்தவர்களிடம் நேராகப் பேச மாட்டார், கூட வரும் அதிகாரியிடம் சொல்வார், அவர் சொல்வார். எந்தப் பதார்த்தத்திலும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டார். முக்கியமாக அம்மையார் அழ மாட்டார்.

"என் அம்மாவப் பார்த்தாக்கூடவா?"

"உன் அம்மாவ யாரு பார்க்கப் போறா? நீதான் போகலையே."

பிறகு சோதிடர் வந்தார். ஃபுகாகவா தென்கிழக்கு. இவாஹாஷி அம்மையாரின் பிறந்த வருஷத்துக்குத் தென்கிழக்கு அந்த வாரம் போகக் கூடாத திசை. அதனால் பல்லக்கு முதலில் வடக்கே போய், ஒரு கோயிலில் மதிய உணவு முடித்து, அங்கிருந்து புறப்பட்டால் ஃபுகாகவா தெற்கே இருப்பதாகக் கணக்காகும் என்றார். நான் பிறந்த வருஷத்தை யாரும் கேட்கவில்லை. என் அம்மாவின் வயிற்றில் இருந்த கட்டி எந்தத் திசை என்றும் கேட்கவில்லை. கோயிலில் எனக்குப் பதினோரு பதார்த்தம் வைத்தார்கள். இரண்டு இரண்டு வாய் தின்றுவிட்டு, மூடிய பல்லக்குக்குள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூட வந்த அதிகாரி ஸாகுமா. அந்தப்புர வாசலைக் காப்பவர், இடுப்பில் இரண்டு வாள், உறையிலிருந்து எதையும் உருவிப் பழக்கம் இல்லாதவர். வயது ஐம்பது இருக்கும். வழியெல்லாம் பல்லக்குக்கு வெளியே நடந்தபடி, "அம்மையாருக்குக் குலுங்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அதே ஆள் முந்தின வாரம், வாசலில் நான் வாளியை வைத்துவிட்டேன் என்று காலால் எத்தித் தள்ளியவர்.

எங்கள் தெருவுக்கு முன்கூட்டியே உத்தரவு போயிருந்தது. வரிசை வீடுகளுக்கு முன்னால் புது மணல் கொட்டி நீர் தெளித்திருந்தார்கள். பொதுக் கழிப்பறையை ஊதாத் திரையால் மறைத்து, ஷோகுனின் குலச் சின்னத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குள் இருந்த தச்சர் ஒருவர், வெளியே வருவது மரியாதையா உள்ளேயே இருப்பது மரியாதையா என்று தெரியாமல் உள்ளேயே குனிந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அரை அம்மணமாக ஓடி விளையாடிய தெருவில், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் இரண்டு பக்கமும் நெற்றியை மண்ணில் வைத்துக் கிடந்தார்கள். பல்லக்கு வாசலில் நுழையவில்லை. நான் இறங்கி நடந்தேன். அவசரப்படாமல். பக்கவாட்டில் பார்க்காமல்.

உள்ளே அம்மா.

சுருண்டு ஒரு பக்கமாகக் கிடந்தாள். நிறைந்த மட்டிக்கூடை மாதிரி இருந்த உடம்பில், வெறும் கூடைதான் மிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டு ரின் அத்தை அவளைத் தாங்கி எழுப்பி, முறைப்படி நெற்றியைப் பாயில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். ஸாகுமா எங்கள் இருவருக்கும் நடுவில் மண்டியிட்டார்.

"மூத்த அம்மையார் இவாஹாஷி, இந்த வீட்டுக்கு எழுந்தருளியிருக்காங்க. நோயாளி மகிழ்ச்சி அடையலாம்."

"அடைஞ்சாச்சு" என்றது பாயிலிருந்து அம்மாவின் குரல். தேய்ந்திருந்தது, ஆனால் அதே குரல். "என் பொண்ணு எப்படி இருக்கா?"

ஸாகுமா என் பக்கம் திரும்பினார். "நோயாளி தன் மகளைப் பத்தி விசாரிக்கிறாள்."

"நல்லா இருக்கா" என்றேன்.

ஸாகுமா அம்மா பக்கம் திரும்பினார். "நலம் என்று அம்மையார் அருளுறாங்க."

அம்மா பாயிலிருந்து ஒரு கண்ணை மட்டும் உருட்டி மேலே பார்த்தாள். வரைந்த புருவத்தை, கறுத்த பல்லை, பட்டு மூட்டையை எல்லாம் பார்த்தாள். அந்தக் கண் என் கழுத்தில் வந்து நின்றது.

"பொய்" என்றாள். "கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது."

"யாரோட கழுத்தெலும்பு?" என்றார் ஸாகுமா.

"என் பொண்ணோடதுதான். வேற யாரோடது? இங்கிருந்தே தெரியுது."

ஸாகுமா கோட்டை இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார். காய்ச்சல் பேச்சு என்று முடிவு செய்து, அதை எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"கேளுங்கய்யா அந்தம்மாகிட்ட, அங்க சோறு போடறாங்களா இல்ல வாசனை மட்டும் காட்டறாங்களான்னு. ரின், அந்தச் சாற எடு. அம்மையார் வெறும் வயித்தோட போகக் கூடாது."

ரின் அத்தை ஒரு கிண்ணம் மட்டிச் சாறு கொண்டுவந்தாள். ஆவியில் கடல் வாசனை. ஸாகுமா கையைக் குறுக்கே நீட்டினார்.

"சோதிச்ச பிறகுதான். விஷப் பரிசோதனை."

"யாருய்யா சோதிக்கணும்?" என்றாள் ரின் அத்தை.

"கூட வந்த அந்தப்புரப் பெண்கள்ல கடைசிப் படியில இருக்கிறவ." சொல்லிவிட்டு ஸாகுமா சுற்றிலும் பார்த்தார். அந்தப்புரத்திலிருந்து வந்தது நான் ஒருத்திதான். அவர் நெற்றியில் வேர்வை. என் காதருகே வந்து, "தொமே, நீ சோதி. பிறகு அம்மையார் அருந்தட்டும்" என்றார்.

நான் சோதித்தேன். கிண்ணம் காலியாகும்வரை சோதித்தேன். மட்டியைப் பல்லால் உரித்து, ஓட்டை உறிஞ்சிச் சோதித்தேன்.

"சோதிக்கிறவளுக்கு நல்ல பசி" என்றாள் அம்மா. "இன்னொரு கிண்ணம் ஊத்து ரின். அம்மையாருக்கு."

இரண்டாவது கிண்ணம் பாதியில் இருக்கும்போது அம்மாவின் மூச்சு மாறியது. இழுத்தது, நின்றது, பிறகு வேறு ஒரு ஓசையோடு வந்தது. ரின் அத்தை அவளை மல்லாத்திப் போட்டு என்னைப் பார்த்தாள். என்னைத்தான், அம்மையாரை இல்லை.

ஸாகுமா துள்ளி எழுந்தார். "இப்பவா?"

"அது நேரம் கேட்டா வரும்?" என்றாள் ரின் அத்தை.

"தீட்டு! அம்மையார் இருக்கிற அறையில சாவு நடந்தா அம்மையாருக்குத் தீட்டு. அம்மையார் ஷோகுனோட மனைவி பக்கத்துல உட்கார்றவங்க." அவர் அம்மாவின் தலைமாட்டில் குனிந்து, அரசாங்கக் குரலில் சொன்னார். "இந்தாம்மா. பல்லக்குத் தெருமுனை திரும்பற வரைக்கும் நீ சாகக் கூடாது. இது உத்தரவு."

அம்மா கண்ணைத் திறந்தாள். வாழ்நாளெல்லாம் பேரம் பேசியவள்.

"யாரோட உத்தரவு?"

"இவாஹாஷி அம்மையாரோடது."

"இதோ உக்காந்திருக்காங்களே, இவங்களா சொன்னாங்க? நான் கேக்கவே இல்லையே."

ஸாகுமா என்னைப் பார்த்தார். முதல்முறையாக அந்த அறையில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். வெளியே பல்லக்குத் தூக்கிகள் தயாராக எழுந்து நிற்கும் ஓசை. எழுந்து போ என்று சொல்ல ஸாகுமாவுக்கு வாய் துடித்தது. ஆனால் அவர் யாரிடம் சொல்வார்? தொமேயிடம் சொல்லலாம், தொமே வரவில்லை. வந்திருப்பவர் மூத்த அம்மையார்.

நான் முதுகை நிமிர்த்தினேன். பாடத்தில் சொன்ன மாதிரி அவசரப்படவில்லை.

"ஸாகுமா."

"அம்மையாரே?"

"அப்படி ஒரு உத்தரவ நாம போடல."

அவர் கை தரையில் பதிந்தது. "அம்மையாரே, தயவு செஞ்சு… நேரம்…"

"நாம இங்கயே இருக்கப் போறோம். நீ வாசல்ல போய் நில்லு. கதவைச் சாத்து."

அவர் நெற்றி பாயைத் தொட்டது. வேறு வழி இல்லை. முப்பது வருஷமாக அந்த நெற்றிக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பின்னாலேயே ஊர்ந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நான் அம்மாவின் தலையைத் தூக்கிப் பட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"இது என்னடி கண்றாவி, புருவம் இவ்வளவு மேல இருக்கு" என்றாள்.

"அங்க அப்படித்தாம்மா."

"எல்லாத்தையும் மேல வெச்சுக்கிட்டா எப்படி." மூச்சு வாங்கினாள். "பின்னால தொட்டியில மட்டி ஊற வெச்சிருக்கேன். உப்புத் தண்ணி. மணல் கக்கியிருக்கும். பிடிச்சுப் போட்டு நாளாச்சு, வீணாப் போக விடாத. வித்துடு."

"வித்துடறேன்."

"கூவி வில்லு. வாய மூடிக்கிட்டு வித்தா எவன் வாங்குவான்."

அதுதான் கடைசி. நான் அழுதேன். கன்னத்து வெள்ளை கரைந்து பட்டில் ஒழுகியது. ரின் அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெளியே நின்ற ஸாகுமாவுக்கு எல்லாம் கேட்டது.

அம்மாவின் உடம்பைக் கழுவ என்னை விடவில்லை. அன்று மாலையே பல்லக்கு திரும்பியது. பட்டைக் கழற்றினார்கள், வாளியைக் கொடுத்தார்கள். எனக்குத் தீட்டு இல்லை. நான்தான் போகவே இல்லையே. அம்மாவின் கண்ணை மூடிய கையால் நான் இறைத்த தண்ணீரில் மறுநாள் ஷோகுனின் மனைவி முகம் கழுவினார்.

தீட்டு, புகையிலைத் தட்டை விட்டு நகராத இவாஹாஷி அம்மையாருக்கு. தீட்டு பரவாமல் இருக்க அவர் அறைக்கு நெருப்பைத் தனியாகப் பிரித்தார்கள், சமையலைப் பிரித்தார்கள், நடுவில் திரை போட்டார்கள். சடங்குத் துறையார் கூடி விசாரித்தார்கள். ஸாகுமா சாட்சி சொன்னார்.

"அம்மையார் பிணத்தைத் தொட்டாங்களா?"

"மடியில வெச்சிருந்தாங்க."

"அழுதாங்களா?"

"அழுதாங்க."

"எப்படி அழுதாங்க? இரக்கப்பட்டா, மரியாதைக்கா?"

ஸாகுமா பொய் சொல்லத் தெரியாதவர். அதற்கு வேண்டிய கற்பனை அவரிடம் இல்லை. "பெத்த மகள் மாதிரி" என்றார்.

துறைக்கு அதற்குமேல் ஐயம் இல்லை. மகள்போல் அழுதால் மகளுக்குரிய துக்கம். மூத்த அம்மையார் இவாஹாஷி, ஃபுகாகவா மட்டிக்காரிக்கு, பெற்ற தாய்க்குரிய ஐம்பது நாள் முழுத் துக்கம் காக்க வேண்டும், அதுவரை பணியில் இருக்கக் கூடாது என்று தீர்ப்பானது. அதே நொடியில் ஹமானோவுக்குப் பல்வலி தீர்ந்தது. மதியத்துக்குள் அவர் புகையிலைத் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

இவாஹாஷி என்னை அழைத்தார். இந்தமுறை கூழாங்கல், அதற்கப்பால் திரை. நான் அடியை எதிர்பார்த்து நெற்றியைக் கல்லில் அழுத்திக்கொண்டிருந்தேன். அடி வந்தாலும் நானேதான் என்னை அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், மெதுவாக அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திரைக்குப் பின்னால் பட்டு உரசியது. பிறகு, "நாம அழுதோமாமே?"

"ஆமாங்க."

"நிறையவா?"

"நிறையங்க."

சுங்கானில் நெருப்பு இல்லை. வெறும் சுங்கானை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"அந்தம்மா நம்மகிட்ட என்ன சொன்னாங்க?"

"புருவம் ரொம்ப மேல இருக்குன்னாங்க."

திரைக்குப் பின்னால் ஏதோ ஓசை வந்தது. சிரிப்பா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் தலையைத் தூக்கியிருக்க வேண்டும். அடுத்த நொடி அது பழைய குரல் ஆகிவிட்டது. ஐம்பது நாள் தட்டை ஹமானோவிடம் விட்டுவைக்க அந்தக் குரலுக்கு மனமில்லை.

"துக்கத்துக்கும் பதிலாள் அனுப்பு" என்று உள்ளே யாரிடமோ சொன்னது.

சடங்குத் துறை ஒப்புக்கொண்டது, ஆனால் பதிலாள் திரும்பி வரும்வரை அம்மையாரின் துக்கம் முடியாது, திரையும் விலகாது என்றது. அவர் துக்கம் வழக்கமான வழியில் இறங்கியது. ஹமானோ அதைத் தொடக்கூட இல்லை, அப்படியே கீழே தள்ளினார். உடை அறை, விளக்கறை. எங்கும் ஒரு துளி குறையவில்லை. மிட்ஸு அக்கா முற்றத்துக்கு வந்தாள். இந்தமுறை என் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

"அம்பது நாள்" என்றாள். "அம்மையார் சார்புல. நல்லா அழுதுட்டு வா."

என் அம்மாவுக்காக நான் ஐம்பது நாள் துக்கம் காத்தேன், இவாஹாஷி அம்மையாரின் சார்பில். எரித்து மிஞ்சிய அம்மாவின் எலும்பை எடுத்து வைத்தேன். தினமும் ஊதுவத்தி ஏற்றினேன். தொட்டியிலிருந்த மட்டியில் பாதி செத்திருந்தது, மீதியை விற்றேன். முதல்நாள் வாய் வரவில்லை. இரண்டாம் நாள் தெருமுனை வரை கேட்டது. கஸுகே முள்ளங்கியை இறக்கிவிட்டு ஓடிவந்து, "யாரோன்னு பயந்துட்டேன், அப்படியே உங்கம்மா" என்றான்.

ஐம்பது நாள் முடிந்த காலையில் பல்லக்கு வந்தது. முன்தூக்கி கதவைத் திறந்து வைத்துக் குனிந்தான். நான் கூடையை இறக்கிவிட்டுப் போய், கதவை வெளியிலிருந்தே இழுத்துச் சாத்தினேன்.

"ஆச்சு. கிளம்புங்க."

முன்தூக்கி பின்தூக்கியைப் பார்த்தான். இருவரும் தோள் கொடுத்துத் தூக்கினார்கள்.

"என்னப்பா, லேசா இருக்கு" என்றான் பின்தூக்கி.

"துக்கம்டா. அம்மையார் இளைச்சுட்டாங்க" என்றான் முன்தூக்கி, என் பக்கம் திரும்பாமல். வேகமாக நடந்தார்கள். லேசான பல்லக்கு யாருக்குக் கசக்கும்?

பிறகு நடந்ததைக் கஸுகே சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோட்டை வாசலில் ஸாகுமாவும் மற்றவர்களும் பல்லக்குக்கு நெற்றி பதித்தார்கள். பல்லக்கு உள்முற்றத்துக்குப் போயிற்று. இவாஹாஷியின் துக்கம் முடிய வேண்டுமென்றால் பதிலாள் இறங்கி, தீட்டுக் கழிய உப்பு தூவிக்கொள்ள வேண்டும். இவாஹாஷி, கதவைத் திறக்கச் சொன்னார். ஹமானோ உடை அறைக்காரியிடம் சொன்னார், அவசரமில்லாமல். உடை அறைக்காரி விளக்கறைக்காரியிடம் சொன்னாள். அவள் மிட்ஸுவிடம் சொன்னாள். மிட்ஸு அக்கா திரும்பிப் பார்த்தாள். தொட்டி இருந்தது.

தனக்குக் கீழே சொல்ல வேண்டியதைத் தானே செய்தால் மிட்ஸு ஒரு படி இறங்கிவிடுவாள். அவள் இறங்கினால் விளக்கறைக்காரிக்குக் கீழே ஆள் இருக்காது. புதிதாகத் தண்ணீர்க்காரியை எடுக்கலாம் என்றால் மூத்த அம்மையார் ஒப்புதல் தர வேண்டும், மூத்த அம்மையார் துக்கத்தில் இருக்கிறார். அதனால் பல்லக்கு முற்றத்தில் அப்படியே நிற்கிறது. காலையும் மாலையும் அதன் முன்னால் உணவு வைக்கிறார்கள், இரண்டு வாய்க்கு எடுத்துவிட்டு மாற்றுகிறார்கள். கடந்து போகிறவர்கள் குனிந்து போகிறார்கள். மழைக்கு ஒரு கூரை போட்டிருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் இவாஹாஷி, தட்டின் முன்னால் ஹமானோ. புது மந்திரி ஒருவர் முற்றத்துக்கு வெளியே நின்று பல்லக்குக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாராம்.

நேற்று கஸுகே மறுபடி வந்தான். தொட்டியில் கை விட்டு மட்டியை அலசிக்கொண்டிருந்தேன்.

"மிட்ஸு அக்கா கேக்கச் சொன்னாங்க. எப்ப வருவன்னு."

"தண்ணி யாரு இறைக்கிறா?"

"அவங்கதான், யாரும் பார்க்காதப்ப. இடுப்பு ஒடியுதாம்."

மிட்ஸுவை நினைத்துக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அவளுக்கு ஒரு கூடை மட்டி கட்டிக் கொடுத்தேன். மேலே யாருக்கும் சொல்லாமல் தின்னச் சொன்னேன்.

"அப்ப என்னன்னு சொல்றது?"

"அம்மையார் இன்னும் அழுது முடிக்கலன்னு சொல்லு" என்றேன். கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கிக் கூவினேன்.